ராக்கியா அக்கா கொடுத்த சால்வை

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று வங்கி வாசலில் என் டேப்லெட்டில் பதினாறு பேர். ராக்கியா அக்காவின் கவுன்டரில் பதினோரு பேர். முதல் தடவையாக நான் அவளைத் தாண்டியிருக்கிறேன். பூட்டும்போது சொன்னேன்.

"நீ பறந்து பறந்து ஓடுற. நான் உக்காந்த இடத்துலயே இருபத்தாறு வருஷமா தேஞ்சுக்கிட்டிருக்கேன். தாண்டாம என்ன பண்ணுவ?" என்று சிரித்தாள்.

மார்ச்சிலிருந்து எனக்கு இதுதான் வேலை. வாசலில் நின்று, கவுன்டர் பக்கம் போகிறவர்களை மறித்து, வங்கிச் செயலிக்குப் பழக்கிவிட வேண்டும். சுற்றறிக்கை தெளிவாகத்தான் சொல்கிறது: வாடிக்கையாளர் தானே செய்ய வேண்டும், பணியாளர் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. இதை எழுதியவர் எங்கள் ஊர் ஷியெலி பக்கம் வந்திருக்க மாட்டார். இன்று செம்பாய் தாத்தா வந்தார். எண்பத்தோரு வயது. இந்த ஊர் நெல்வயல்களில் பாதிக்கு வாய்க்கால் திறந்துவிட்ட கை. அவர் வந்தால் என் அப்பா எழுந்து நிற்பார். அவரை ஒரு மெஷின் முன்னால் நிறுத்தித் தடுமாறவிட்டு, நான் இரண்டடி தள்ளிக் கை கட்டி வேடிக்கை பார்ப்பதா? ஊர் காறித் துப்பும். 'உயாத்' என்ற ஒரே அதட்டலில் வளர்ந்தவள் நான். வெட்கக்கேடு என்பதுதான் எங்கள் ஊரில் போலீஸ், கோர்ட் எல்லாம்.

எனவே நாற்காலி போட்டேன். பால் விட்டு டீ ஊற்றினேன், பாதிக் கிண்ணம்தான். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாகிவிடும். தாத்தா தன் பட்டன் போனை மேஜைமேல் வைத்தார். அதில் ரகசிய எண் வந்தது. நான் பார்த்து டேப்பில் தட்டினேன். டேப்பை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கரண்ட் பில், பேத்திக்குப் பணம், எல்லாம் என் விரல்தான். அவர் டீ குடித்தார்.

டேப் எழுதிக்கொண்டது: வாடிக்கையாளர் தானே செய்தார்.

அக்டோபர் 9, வியாழன்

டீத்தூள் தீர்ந்தது. கிளைச் செலவில் வாங்க முடியாதாம், மேனேஜர் தவுலெத் சொல்லிவிட்டான். என் காசில் வாங்கினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

கிசிலோர்தாவில் மண்டலக் கூட்டம். பெரிய திரையில் எல்லாக் கிளைகளின் பெயரும் ஓடின. ஷியெலி, தொண்ணூற்றொரு சதவீதம், முதலிடம். அதாவது எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஒரு தடவையாவது ஆள் துணையில்லாமல் தாங்களே செய்துகொண்டவர்களாம். கைதட்டினார்கள். என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள். உல்போசின் என்றால் 'பையனாகப் பிறக்கட்டும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த ஏமாற்றத்தில் வைத்த பெயர். அந்தப் பெயருக்கு ஒரு கூட்டமே கைதட்டியதை அப்பா பார்த்திருக்க வேண்டும்.

ரயிலில் வரும்போது ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. தாங்களே செய்கிறார்களா? செம்பாய் தாத்தாவா? பிறகு ஊக்கத்தொகை எவ்வளவு வரும் என்று யோசிக்க ஆரம்பித்து இதை மறந்துவிட்டேன்.

கிளை மூடுவதற்குள் ஓடினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்: "சுயின்ஷி அக்கா! சுயின்ஷி!"

சுயின்ஷி என்றால் நல்ல செய்திக்குப் பரிசு. கொண்டுவந்தவள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்ன செய்தி என்று கேட்கும் முன்பே அக்கா எழுந்துவிட்டாள். தோளில் போட்டிருந்த வெள்ளை ஆட்டு ரோமச் சால்வையை எடுத்து, கவுன்டர் கதவைத் திறந்து வெளியே வந்து, என் கழுத்தில் சுற்றினாள். பிறகுதான் கேட்டாள், "என்னடி, யாருக்குக் குழந்தை?"

"நம்ம பிராஞ்ச்தான் ஃபர்ஸ்ட்!"

"அடி சக்கை! அப்ப நம்மளை யாரும் அசைக்க முடியாது" என்றாள். நல்ல சால்வை. மோதிரத்துக்குள் நுழைந்து வரும் அளவுக்கு மெலிசு. தன் மருமகளுக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தது.

நவம்பர் 10, திங்கள்

தவுலெத் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். என்னைவிட எட்டு வயது சின்னவன், எனக்கு மேலதிகாரி. "அக்கா, உட்காருங்க" என்று சொன்ன விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

கடிதம் மேலிடத்திலிருந்து. ஷியெலி கிளை ஜனவரி ஒன்றிலிருந்து 'சுயசேவை மைய'மாகிறது. மெஷின்கள் இரண்டு வரும். கவுன்டர்கள் எடுக்கப்படும். கேஷியர் ராக்கியா, கடன் பிரிவில் இரண்டு பெண்கள், கணக்கர், எல்லோருக்கும் வேலை முடிகிறது. காவலாளி துர்சினை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மெஷினை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

காரணம் என்ற வரியைத் தவுலெத் விரலால் காட்டினான். 'இக்கிளையின் வாடிக்கையாளர்களில் 91 சதவீதத்தினர் பணியாளர் உதவியின்றி...'

என் எண். என் கைதட்டல்.

"உங்களுக்குக் கவலையே வேணாம்க்கா. மண்டலப் பயிற்சியாளர் போஸ்ட் உங்களுக்குத்தான். சம்பளம் ஒண்ணரை மடங்கு. ஆனா டிசம்பர் பதினஞ்சு வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. இதுல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. ஒண்ணரை மடங்கு என்றால் மகளின் கல்லூரிக் கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சால்வையை மடித்து அலமாரியில் வைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

இதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதவும் முடியவில்லை.

மதியம் வழக்கம்போல இரண்டு பேரும் பின்னறையில் சாப்பிட்டோம். அக்கா பாவுர்சாக் மாவு உருண்டைகள் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று நன்றாகச் சிவக்கப் பொரித்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அரிசி மில்லுல கேஷியர் வேணுமாம். முதலாளியோட சம்சாரம் எனக்கு மச்சினி முறை. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லுன்னாங்க. சம்பளம் இங்கத்தைவிடக் கம்மி. ஆனா மில்லு எங்கயும் ஓடிப் போகாது. எனக்கு ரிடயர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்கு. நீதான் மீட்டிங் எல்லாம் போற. மேல என்ன பேசிக்கிறாங்க? நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

இவ்வளவு நேராக யாரும் யாரையும் கேட்க முடியாது. ஒரு வார்த்தை போதும். 'போங்கக்கா.' ஏன் என்று சொல்லக்கூட வேண்டாம். கையெழுத்துப் போட்டதை மீறியதாகக்கூட ஆகாது. போங்கக்கா! அவ்வளவுதான்!

நான் என்ன சொன்னேன்?

"எதுக்குக்கா போகணும்? நாமதான் ஃபர்ஸ்ட்டாச்சே."

வாயில் பாவுர்சாக்கை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் பொரித்துக் கொண்டுவந்ததைத் தின்றுகொண்டே சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயமா? அவள் போய்விட்டால் விஷயம் கசிந்தது என்று தவுலெத் கண்டுபிடித்து, எனக்கு வரப்போகும் வேலை போய்விடும் என்று பயம். ஆமாம். அதுதான். வேறு ஒரு மண்ணும் இல்லை. மரியாதையாம், உயாத்தாம். எனக்கெல்லாம் என்னடி உயாத்?

நவம்பர் 14, வெள்ளி

நாளை சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமைவரை நேரம் இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

சொல்லவில்லை.

நவம்பர் 26, புதன்

மில்லில் வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். அக்கா எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னாள். "நல்லவேளை நீ சொன்ன. இல்லாட்டி இந்தக் குளிர்ல மில்லுத் தூசிக்குள்ள போய் உக்காந்திருப்பேன்."

நல்லவேளை என்றாள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 3, புதன்

மைனஸ் பத்தொன்பது. பழைய நூல் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கொனிஸ்பாய் கேட்டார், "அந்த நல்ல சால்வை எங்க?"

"அரிக்குது."

"ஆட்டு ரோமம் அரிக்குதாம், நூல் கதகதப்பா இருக்குதாம்" என்று முனகினார். ரயில்வேக்காரர். எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்.

டிசம்பர் 15, திங்கள்

காலை பத்து மணிக்குக் கடிதங்களைக் கொடுத்தார்கள். நாளை சுதந்திர தின விடுமுறை என்பதால் இன்றே கொடுத்துவிட்டால் எல்லோரும் வீட்டில் அழுதுவிட்டு வருவார்கள் என்று தவுலெத்துக்கு யோசனை.

கடன் பிரிவுப் பெண்கள் சின்னவர்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அப்போதே போனில் வேலை தேட ஆரம்பித்துவிட்டாள். கணக்கர் அஸ்தானாவுக்கு, தம்பி வீட்டுக்குப் போகப் போகிறாராம். அக்கா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறர் கொடுத்த செக்கைப் பார்ப்பதுபோல முழுக்க, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தொண்ணூற்றொரு சதவீதம் என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது நீ டேப்புல போட்டதா?"

"ஆமாக்கா."

"செம்பாய் தாத்தா, தெற்குத் தெரு கிழவிங்க, அந்தக் காது கேக்காத வாத்தியார். அவங்கதானே?"

"ஆமா."

"ஆக, நீ ஊத்திக் கொடுத்த டீயை எல்லாம் மெஷின் கணக்குல எழுதிட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டல் சரிவருகிறதா என்று பார்ப்பவள்போலச் சொன்னாள். பிறகு கடிதத்தை நான்காக மடித்தாள்.

"உல்போசின், ஒண்ணு கேக்கறேன். மில்லு வேலையைப் பத்தி உன்கிட்டக் கேட்டேனே, அன்னைக்கு உனக்கு இது தெரியுமா?"

அவள் கண்ணைப் பார்த்து, "இல்லக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கவுன்டருக்குள் போனாள். வரிசையில் நின்ற ஆறு பேருக்கும் பணம் கொடுத்தாள். ஒரு நோட்டுகூடத் தப்பவில்லை.

ஜனவரி 5, திங்கள்

புதுப் பதவி, புதுச் சட்டை. சட்டைப் பையில் என் பெயர். வாரம் நான்கு நாள் கிசிலோர்தா, ஒரு நாள் மற்ற ஊர்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்: இரண்டடி தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், பொறுமையாக இருங்கள். ஒருத்தி கேட்டாள், "டீச்சர், ரொம்ப வயசானவங்க வந்தா?" வாயைத் திறந்தேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று வந்தது.

ஜனவரி 21, புதன்

செம்பாய் தாத்தா.

இரண்டு நாளாக ஷியெலி மையத்தின் மெஷின் அவருடைய முகத்தை ஏற்கவில்லை. ஒரு கண்ணில் புரை. 'கண் சிமிட்டவும்' என்கிறது, சிமிட்டுகிறார், 'மீண்டும் சிமிட்டவும்' என்கிறது. துர்சின் பாவம், மெஷினுக்குக் காவல் இருக்கத் தெரியும், மெஷினைக் கேட்கத் தெரியாது. கிழவர் காலை ரயிலைப் பிடித்து மைனஸ் இருபத்தேழில் கிசிலோர்தாவுக்கே வந்துவிட்டார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

நான் கூடத்தில் நின்றிருந்தேன். என் பின்னால் மண்டல இயக்குநர், அல்மாத்தித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர், கையில் குறிப்புப் புத்தகங்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள். ஷியெலிக்காரி எப்படி அந்தத் தொண்ணூற்றொன்றை எடுத்தாள் என்று பார்க்க வந்தவர்கள்.

தாத்தா என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பொண்ணு இங்கதான் இருக்காளா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்து, பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டிய கையோடு காத்திருந்தார். டீ வரும் என்று காத்திருந்தார்.

"தாத்தா, எந்திரிச்சு மெஷின்கிட்ட வாங்க. நீங்களே அழுத்தணும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நீங்களேதான் அழுத்தணும் தாத்தா. நான் தொடக் கூடாது."

எழுந்தார். மெஷின் முன்னால் போய் நின்றார். அது பெண் குரலில் வணக்கம் சொல்லியதும் இவரும் திரும்ப வணக்கம் சொன்னார். பின்னால் நின்ற அல்மாத்திக்காரர்களில் ஒருவர் சிரித்தார். தாத்தா மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினார். நான்காவது தடவை மெஷின் 'பிறகு முயலவும்' என்று அணைந்துபோனது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். சரியாக இரண்டடி.

"பரவாயில்லம்மா. உனக்கு வேலை இருக்கும்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவை இழுக்க வேண்டுமா தள்ள வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இயக்குநர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். விதியை மீறவில்லையாம். நான் செத்துப்போயிருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தவுலெத் இப்போது மண்டல அலுவலகத்தில். போன வாரம் அவனுக்குக் கடிதம் எழுதினேன், மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி. எல்லாவற்றையும் எழுதினேன்: ஷியெலியில் தாங்களே செய்ததாகக் காட்டியவர்களில் அறுபத்துமூன்று பேர் எதையும் தாங்களே செய்யவில்லை, எல்லாம் என் விரல், தொண்ணூற்றொன்று பொய், கவுன்டரைத் திரும்பத் திறக்க வேண்டும், எனக்கு என்ன தண்டனையானாலும் சரி. எழுதி முடித்தபோது உடம்பு லேசானது. என் வேலை போகும், அக்காவுக்கு வேலை வரும் என்று நினைத்தேன். அவ்வளவு எளிதாகச் சமன் ஆகிவிடும் என்று.

இன்று கூப்பிட்டான்.

"அக்கா, இது எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

டேப்பின் பதிவைத் திரையில் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"டேப் ஒண்ணு. ஆளு அறுபத்துமூணு. எல்லாம் ஒரே டேப்புல இருந்து, ஒரே இடத்துல இருந்து, ரெண்டு ரெண்டு நிமிஷ இடைவெளியில. ஸ்க்ரீன்ல பாத்தா சின்னப் புள்ளைக்கும் தெரியும். மேல இருக்கறவங்களுக்கு ஒரு நம்பர் வேணும். நீங்க கொடுத்தீங்க. அவ்வளவுதான். இல்லாட்டி வேற பிராஞ்ச் கொடுத்திருக்கும், ஒரு வருஷம் லேட்டா."

"ஒரு வருஷம்னா அக்காவுக்கு ஒரு வருஷச் சம்பளம் தவுலெத்."

அவன் என் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினான்.

பொய்யென்று தெரிந்தே கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், நான் மட்டும் இல்லை என்று. ஆறுதலாக இல்லை. மில்லு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னது மேலிடம் இல்லையே.

மார்ச் 14, சனி

சந்தையில் துர்சினைப் பார்த்தேன். அக்கா எங்கே என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான், "குல்னாஸோட மளிகைக் கடைக்குப் பின்னால. ஒரு ஸ்டூலு, ஒரு ஸ்மார்ட் போனு. கிழங்கட்டைங்க எல்லாம் அங்கதான். பில்லு கட்டறது, பேரப்பிள்ளைக்குப் பணம் அனுப்பறது எல்லாம் ராக்கியா அக்காதான் அழுத்துது. செம்பாய் தாத்தா கண்ணுக்குக்கூட ஏதோ வழி பண்ணிடுச்சு, ஜன்னல் வெளிச்சத்துல உக்கார வச்சுச் சிமிட்டச் சொல்லி. ஆளுக்கு இருநூறு தெங்கே. இல்லாதவங்க ஒரு கட்டு வெங்காயத்தாள்."

ஆக, கவுன்டர் மூடவில்லை. கண்ணாடி, சம்பளம், ஓய்வூதியக் கணக்கு, சூடேற்றிய கூடம் இவை மட்டும் போய்விட்டன. வேலை அப்படியேதான் இருக்கிறது, அதே கிழவர்கள், அதே அக்கா.

மார்ச் 22, ஞாயிறு

நவுரூஸ், எங்கள் புத்தாண்டு. இன்று எந்த வீட்டிலும் வந்தவரை வாசலோடு அனுப்ப மாட்டார்கள். அதை நம்பித்தான் போனேன். சால்வையை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

வீடு நிறைய ஆட்கள். அக்கா எனக்கும் ஒரு கிண்ணம் கோஜே கஞ்சி கொடுத்தாள், எல்லோருக்கும் கொடுத்ததுபோல. ஆட்கள் குறையும்வரை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் வந்தாள்.

"அக்கா, நவம்பர்ல மில்லு வேலையைப் பத்திக் கேட்டீங்கல்ல. எனக்கு அப்பவே தெரியும். மூணு நாள் முந்தியே கடுதாசியைப் பாத்துட்டேன். டிசம்பர்ல நீங்க கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அக்கா கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா? தவுலெத்தா?"

"நீதான் சொன்ன. அக்டோபர் மாசம் வெயில்லகூட அந்தச் சால்வையைக் கழட்டல. நவம்பர்ல திடீர்னு காணோம். மைனஸ் இருபதுல கந்தல் நூலைக் கழுத்துல சுத்திக்கிட்டு வர்றா ஒருத்தி. ஏன்னு நான் யோசிக்க மாட்டேனா? இருபத்தாறு வருஷம் விரலால தடவியே கள்ள நோட்டைச் சொன்னவடி நான்."

"அப்ப டிசம்பர்ல ஏன் கேட்டீங்க?"

"சொல்லுவியான்னு பாத்தேன்."

அடுத்த அறையில் யாரோ தொம்பரா மீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து சால்வையை எடுத்து நீட்டினேன்.

"எடுத்துட்டுப் போ. சுயின்ஷியைத் திருப்பி வாங்கறது எந்த ஊருல வழக்கம்?"

"என்னால போட்டுக்க முடியலக்கா."

"அது உன் பாடு." ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "மன்னிச்சேன்னு சொல்லச் சொல்லாத உல்போசின். வேலை போனதைக்கூட விடு, அது வேற யாரோ போட்ட கணக்கு. நான் சுட்டுக் கொண்டாந்ததைத் தின்னுக்கிட்டே சொன்ன பாரு, அது எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது."

எனக்கு டீ ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றினாள். தட்டில் சிந்தும் அளவுக்கு.

குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

பாதுகாப்புப் பிரிவிலிருந்து எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு படிவம். 'வாடிக்கையாளர்களுக்குப் பதிலாக அவர்களது செயலியை இயக்கும் வெளியாட்கள் உங்கள் பகுதியில் இருந்தால் பெயர், இடம், எண்ணிக்கை குறிப்பிடவும். அவர்களது கணக்குகள் முடக்கப்படும்.' ஷியெலிக்கு என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்டூல் அது. 'யாரும் இல்லை' என்று எழுதினால் வேறு யாரையாவது அனுப்பித் தேடுவார்கள்.

ஒரு மணி நேரம் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

பெயர்: உல்போசின். இடம்: நமது வங்கி, ஷியெலி கிளை, நுழைவாயில் கூடம். எண்ணிக்கை: அறுபத்துமூன்று. காலம்: மார்ச் முதல் டிசம்பர் வரை. பயன்படுத்திய கருவி: வங்கியின் டேப். வேறு எவரேனும்: நேரில் விசாரித்தேன், எவரும் இல்லை.

கடைசி வரி பொய். இந்த ஒரு பொய்க்கு மட்டும் எனக்குக் கூசவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

தவுலெத் போனில் கத்தினான். "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? போன தடவை எனக்கு எழுதினீங்க, இழுப்பறையில போட்டேன். இது செக்யூரிட்டிக்குப் போற பேப்பர்! நம்பர் போட்டுப் பதிஞ்சாச்சு. அவங்களால மூடி வைக்க முடியாது, யாரையாவது தூக்கியே ஆகணும்!"

"அதான் பேரு எழுதியிருக்கே" என்றேன்.

"என் பேரை எங்கயும் எழுதலயே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். பாவம், அவனுக்கும் குழந்தைகள் இருக்கின்றன.

ஏப்ரல் 30, வியாழன்

வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெயர் வில்லையோடு திருப்பிக் கொடுத்தேன். கொனிஸ்பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நவம்பரிலிருந்து. அவர் இரண்டாம் தடவை எதையும் கேட்கவில்லை. மகள் கட்டணத்துக்குக் கூடுதல் ஷிப்டு கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதுவும் சுட்டது.

மே 12, செவ்வாய்

குல்னாஸ் கடைக்குப் பின்னால் போனேன். இருபத்தெட்டு டிகிரி வெயில். கழுத்தில் அந்தச் சால்வை.

ஏழெட்டுக் கிழவர்கள் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டூலில் அக்கா, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் போன். என்னைப் பார்த்தாள். நான் விலக்கப்பட்டது ஊருக்கே தெரியும், என்ன எழுதி விலக்கப்பட்டேன் என்பதைத் துர்சின் சொல்லியிருப்பான். அவள் காலால் கெண்டியை என் பக்கம் தள்ளினாள். எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன், பாதிப் பாதிக் கிண்ணமாக.

செம்பாய் தாத்தாவிடம் நீட்டியபோது என் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை, தொப்பியோடு நின்றுவிட்டது. அவர் வாங்கிக்கொண்டார். என் கழுத்தைப் பார்த்து, "என்னம்மா, இந்த வெயில்ல ஆட்டு ரோமம்? காய்ச்சலா?" என்றார்.

போனிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொன்னாள், "போன குளிர்காலம் அவளுக்குப் பாக்கி இருக்கு தாத்தா."

கிழவர்கள் சிரித்தார்கள், என்னவென்று தெரியாமலே. எனக்கு வியர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை.

மாலை எல்லோரும் போனபிறகு கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். அக்கா அதில் ஒன்றைத் திருப்பி நிமிர்த்தி, மிச்சமிருந்த டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டுக் கடைக்குள் போனாள். பார்த்தேன். கெண்டியில் இன்னும் இருந்தது. கிண்ணத்தில் பாதிதான்.